எதிரெதிர்ச் சுற்று: வேகம் ஒத்துவராத கணவன் மனைவியின் மாலை ஓட்டமும் இரவு உணவும்

பின்னணி

மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டியது. வடக்கு தெற்காக 305 மீட்டர், கிழக்கு மேற்காக 290 மீட்டர். சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு சுற்று வந்தால் ஏறத்தாழ 1,200 மீட்டர். மாலையில் ஊரே அங்கே நடக்கிறது, சிலர் ஓடுகிறார்கள். குளத்தின் அளவை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. பின்னால் எங்களுக்குக் கைகொடுத்தது அதுதான்.

நான் உணவு ஆலோசகர். பதினோரு ஆண்டுகளாக ஓடியும் வருகிறேன். இங்கே எழுதியிருப்பது சென்ற ஆண்டு ஜூன் முதல் இந்த ஆண்டு மார்ச் வரை ஒரு குடும்பத்தில் நடந்தது. அவர்களுடைய அனுமதியுடன், அடையாளம் தரும் விவரங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

கணவருக்கு வயது 41, கணக்குப் பிரிவில் வேலை, நாள் முழுக்க நாற்காலி. மனைவிக்கு 38. உடற்கல்வி ஆசிரியை, கல்லூரி நாட்களில் 800 மீட்டர் ஓடியவர். வீட்டில் பதினோரு வயது மகளும் கணவரின் தாயாரும் இருக்கிறார்கள். தாயாருக்கு 68 வயது, நீண்ட நாள் சர்க்கரை நோயாளி.

ஜூன் மாதப் பரிசோதனையில் கணவரின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 6.1 விழுக்காடு என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறோம் என்று பொருள். எடை 81 கிலோ, இடுப்புச் சுற்றளவு 98 சென்டிமீட்டர். நம் நாட்டு ஆண்களுக்கு 90-ஐத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. மருத்துவர் மருந்து எழுதவில்லை. "நடங்கள், முடிந்தால் ஓடுங்கள், இரவுச் சாப்பாட்டைக் கவனியுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். மனைவிக்கு மகிழ்ச்சி. கணவரை ஓட வைக்க வேண்டும் என்பது அவருடைய பத்தாண்டு ஆசை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை

வாரத்தில் மூன்று நாள், மாலை ஆறரைக்குத் தெப்பக்குளம். இருவரும் ஒன்றாகத் தொடங்குவார்கள், மனைவி அரை அடி முன்னே ஓடுவார். அவருடைய இயல்பான வேகத்தில் ஒரு கிலோமீட்டரைக் கடக்க 5 நிமிடம் 40 விநாடி ஆகும். கணவருக்காகக் குறைத்து 6 நிமிடம் 50 விநாடியில் ஓடினார். தன்னளவில் அது மெதுவோட்டம் என்றே அவர் நம்பினார். கணவருடைய உடம்புக்குத் தாங்குகிற வேகம் எட்டரை நிமிடத்துக்கும் மேல் என்பது இருவருக்குமே தெரியாது. கணவரும் வாய் திறக்கவில்லை. "பள்ளிக்கூடப் பிள்ளைகளே அவளோடு ஓடுகிறார்கள், நான் எப்படி முடியவில்லை என்று சொல்வது?" என்று பின்னால் என்னிடம் கேட்டார்.

மூச்சு முட்ட நான்கு சுற்று. அது முடிந்ததும் பசி. தெப்பக்குளத்தின் மாலை என்றால் தின்பண்டக் கடைகளின் மாலையும்கூட. பஜ்ஜி, பணியாரம், வேகவைத்த கடலை என எல்லாம் சூடாக இருக்கும். ஓடிய களைப்பில் நிற்கிற மனிதனுக்கு அந்த எண்ணெய் வாசனை என்ன செய்யும் என்பது ஓடியவர்களுக்குத் தெரியும். வீட்டுக்குப் போனதும் கணவர் நாற்காலியில் சாய்ந்துவிடுவார். மனைவி குளித்துவிட்டு அடுப்படிக்குள் போவார். காலையில் பள்ளி, மாலையில் ஓட்டம், அதன் பிறகு ஐந்து பேர் சாப்பாடு சமைக்கிற அளவுக்கு வேலை; உண்மையில் நால்வர்தான், மறுநாள் டிபன் பாத்திரங்களையும் சேர்த்தால் ஐந்து. பல நாட்களில் அவரும் முடியாமல் பரோட்டா வாங்கி வரச் சொல்லிவிடுவார். தட்டு போடும்போது மணி ஒன்பதரை.

ஒரு சின்னக் கணக்கு. ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகிறது. 81 கிலோ மனிதர் நான்கு சுற்றில், அதாவது 4.8 கிலோமீட்டரில், 390 கலோரி அளவுக்குச் செலவழிக்கிறார். இரண்டு பரோட்டாவும் சால்னாவும் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். பஜ்ஜி தனி. குறை பரோட்டாவின் மேல் இல்லை. அதற்குக் கொண்டுபோய் விட்டது ஓட்டத்தின் வேகம். அந்தச் சமையலறையில் நின்று காய் நறுக்கும் தெம்பு யாருக்கும் மிஞ்சாத அளவுக்கு அவர்கள் ஓடியிருந்தார்கள்.

சுவரைப் பிடித்து நின்ற மாலை

செப்டம்பர் நடுவில் ஒரு புதன்கிழமை. மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டவர், ஐந்தரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், அலுவலக அலைச்சலோடு வந்து ஓடினார். வெயில் இறங்கியும் கல் சுவரில் சூடு தணியாத மாலை அது. மூன்றாவது சுற்றின் முடிவில் சட்டென்று நின்றார். கண் இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு கைகளாலும் சுவரைப் பிடித்துக்கொண்டார். மனைவிக்கு அது தெரிய முப்பது மீட்டர் ஆயிற்று, ஏனென்றால் அவர் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போனதும் தாயாரின் சர்க்கரை அளவிடும் கருவியில் விரலைக் குத்திப் பார்த்திருக்கிறார்கள். 149. ஓடுவதற்கு முன்பு 118 இருந்தது. ஓடினால் சர்க்கரை குறையும் என்றார்களே, ஏறியிருக்கிறதே என்று இருவரும் பயந்துபோனார்கள். அந்த வாரக் கடைசியில், பொதுவான நண்பர் ஒருவர் வழியாக என்னிடம் வந்தார்கள்.

நான் பார்த்தவை

மார்பு, மயக்கம் என்ற சொற்கள் வந்துவிட்டால் உணவு ஆலோசகரின் வேலை அங்கே தொடங்குவதில்லை. முதலில் மருத்துவரிடம் அனுப்பினேன். இ.சி.ஜி.யும் டிரெட்மில் பரிசோதனையும் எடுத்துப் பார்த்து, இதயத்தில் குறை இல்லை என்றும், வெறும் வயிறு, நீர்ச்சத்துக் குறைவு, அளவுக்கு மீறிய வேகம், ஓடியபடியே சட்டென்று நின்றது எல்லாம் சேர்ந்து வந்த தள்ளாட்டம் என்றும் அவர் எழுதிக் கொடுத்தார். வேகமாக ஓடிவிட்டு அப்படியே நின்றால் கால் தசைகளில் தேங்கிய இரத்தம் மேலேற நேரம் எடுக்கும், தலைக்குப் போவது குறைந்துவிடும். இரண்டு வாரம் நடை மட்டும் போதும் என்றும் சொன்னார்.

149-க்கும் விளக்கம் உண்டு. உடம்பை அதன் எல்லைக்குத் துரத்தும்போது, ஆபத்து வந்துவிட்டதாக எண்ணி அட்ரினலின் சுரக்கிறது. கல்லீரல் சேமித்த சர்க்கரையை இரத்தத்தில் கொட்டுகிறது. தசை எடுத்துக்கொள்வதைவிடக் கொட்டுவது அதிகமானால் அளவு கொஞ்ச நேரம் ஏறி நிற்கும். நிதானமாக ஓடினால் அது நடப்பதில்லை. இதைக் கேட்டதும் கணவரின் முகத்தில் தெரிந்த ஆறுதலை மறக்க முடியாது. தன் உடம்பு ஓட்டத்துக்கே லாயக்கில்லை என்று அவர் அதுவரை முடிவுகட்டி வைத்திருந்தார்.

இரண்டு வாரம் கழித்து, பழையபடியே ஒரு சுற்று ஓடிக் காட்டுங்கள் என்று கேட்டேன். நான் சைக்கிளில் கூடவே போனேன். மனைவி அன்பாகத்தான் பேசிக்கொண்டு ஓடினார். "தலைமை எழுத்தர் விடுப்பு கொடுத்துவிட்டாரா? சனிக்கிழமை கல்யாணத்துக்குப் போகலாமா?" என்று கேட்டார். கணவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். ஒரு கேள்விக்கும் வாயால் பதில் வரவில்லை. மனைவியின் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கணவர் கையில் கட்டியிருந்தோம். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 176 காட்டியது. 220-இலிருந்து வயதைக் கழிக்கும் பழைய கணக்குப்படி அவருடைய உச்ச எல்லையே 179. மெதுவோட்டம் என்று நினைத்துக்கொண்டு அவர் பந்தய முடிவில் ஓடுகிற ஓட்டத்தை ஓடிக்கொண்டிருந்தார்.

அந்த அரை அடியையும் கவனித்தேன். கணவர் மூச்சைத் திரட்டி இணையாக வருவார். உடனே, தெரியாமலே, மனைவியின் கால் கொஞ்சம் முன்னே போகும். மறுபடியும் அரை அடி. பந்தயம் ஓடிப் பழகிய உடம்பு பக்கத்தில் காலடிச் சத்தம் கேட்டால் அப்படித்தான் நடந்துகொள்ளும். அவரிடம் இதைச் சொன்னபோது அதிர்ந்துபோனார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பார்வையற்ற வீரர்களுக்கு வழித்துணையாக ஓடுகிறவர்களைப் பற்றி அவரே சொன்னார்: "அக்கா, பாராலிம்பிக்கில் வழித்துணை ஓட்டக்காரர் வீரரை இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது. கோட்டையும் வீரர்தான் முதலில் தாண்ட வேண்டும். இதைப் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்துகிறேன். இவரை நான் இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன்."

முதல் முடிவு: ஆளுக்கொரு திசை

வேகத்தைக் குறைக்கச் சொன்னால் போதாதா என்று தோன்றும். நானும் முதலில் அதைத்தான் சொன்னேன். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. எட்டரை நிமிட வேகத்தில் ஓடும்போது மனைவிக்கு முழங்கால் இசகுபிசகாக இருந்தது. ஓடியதாகவே தோன்றவில்லை என்று அவர் வாடிப்போனார். அந்த வாட்டத்தைப் பார்த்துக் கணவர் மறுபடியும் வேகம் கூட்டினார். ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுத்து இருவரும் கெட்டுக்கொண்டிருந்தார்கள்.

தீர்வு குளத்தின் வடிவத்திலேயே இருந்தது. ஒரே இடத்தில் தொடங்கி, கணவர் வலப்பக்கமும் மனைவி இடப்பக்கமும் ஓடட்டும் என்று முடிவு செய்தோம். மனைவி தன் 5 நிமிடம் 40 விநாடி வேகத்தில் ஓடலாம், கணவர் 8 நிமிடம் 40 விநாடியில். 1,200 மீட்டர் சுற்றில் எதிரெதிராக வந்தால் ஏறத்தாழ நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை சந்தித்தே ஆக வேண்டும். யாரும் பின்தங்குவதில்லை. யாரும் நான்கு நிமிடத்துக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் இருப்பதில்லை. இருட்டத் தொடங்கும் வேளையில் அதுவும் ஒரு பாதுகாப்புதான்.

சந்திக்கும்போது உள்ளங்கையைத் தட்டிக்கொள்ள வேண்டும், கணவர் ஒரு முழு வாக்கியம் பேச வேண்டும் என்று ஒரு விதி வைத்தோம். வாக்கியம் பாதியில் உடைந்தால் அடுத்த சந்திப்பு வரை நடை. நாடித்துடிப்புக் கருவிக்கு இது எந்த வகையிலும் குறைந்ததில்லை. பேச முடிகிற வேகம்தான் தாங்குகிற வேகம். முதல் மூன்று வாரம் அவர் மூன்று நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை என்று மாற்றி மாற்றிச் செய்தார்.

முதல் நாள் நான் ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தேன். கணவர் தெருவிளக்கின் அடியில் வந்துகொண்டிருக்கிறார், எதிரே மனைவி. கை நீட்டித் தட்டிவிட்டு, "இன்றைக்கு வெண்டைக்காய் வாங்கி வைத்திருக்கிறேன்" என்று அவர் முழுதாகச் சொல்லி முடித்தார். மனைவி திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓடினார். மூன்று மாதம் முதுகைக் காட்டி ஓடியபோது தெரியாத முகம், எதிரே வந்தபோது தெரிந்துவிட்டது. கணவரின் நெற்றி சுருங்கியிருக்கிறதா, உதடு வெளுத்திருக்கிறதா என்று அவர் நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

ஓடுவதற்கு முக்கால் மணி முன்பு ஒரு வாழைப்பழமோ ஒரு கை வறுத்த கடலையோ சாப்பிட வேண்டும், ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும், முடிவில் ஐந்து நிமிடம் நடந்தே நிற்க வேண்டும் என்பவையும் அன்றே எழுதப்பட்டன. ஞாயிறு காலை மட்டும் ஒன்றாக ஓடுவார்கள். அன்றைக்கு மனைவி அரை அடி பின்னே வருவார்.

இரண்டாவது முடிவு: முதலில் முடிப்பவர் அடுப்பைப் பற்றவைப்பது

ஓட்டம் சரியானதும் சாப்பாடு தானாகச் சரியாகிவிடும் என்று நான் நினைத்தது தவறு. வேகம் குறைந்து களைப்பும் குறைந்தது. ஆனால் அடுப்படி இன்னும் மனைவியின் தலையில்தான் இருந்தது. ஒன்பதரை ஒன்பதேகால் ஆயிற்று, அவ்வளவுதான்.

கணவருக்கு முப்பது நிமிட ஓட்டம் போதும். மனைவிக்கு நாற்பத்தைந்து நிமிடமாவது வேண்டும். இந்த இடைவெளியில்தான் சமையல் இருக்கிறது என்று ஒரு மாலை பேசிக்கொண்டிருந்தபோது பிடிபட்டது. வீடு பத்து நிமிட நடைத் தொலைவு. கணவர் ஏழு மணிக்கு முடித்து, நடந்தே போனால் ஏழு பத்துக்கு வீட்டில் இருப்பார். அந்த நடையே உடம்பைத் தணிக்கும். மனைவி கால் மணி நேரம் கூடுதலாகத் தன் விருப்பம்போல் ஓடிவிட்டு ஏழரைக்கு வருவார். அப்போது அடுப்பு எரிந்துகொண்டிருக்க வேண்டும்.

கணவருக்குச் சமையல் தெரியாது. தேநீர் போடுவார், முட்டை அவிப்பார். ஆகவே மூன்று நாளுக்கு மூன்றே சமையல் என்று வைத்துக்கொண்டோம். காலையில் செய்ய வேண்டியதைக் காலையிலேயே செய்துவிட வேண்டும் என்ற உடன்பாட்டோடு.

திங்கள்: பாசிப்பயறு தோசை. பயற்றைக் காலையில் ஊறப்போட்டுவிட்டால் மாலையில் இஞ்சி, பச்சைமிளகாய், சீரகத்தோடு மிக்ஸியில் அரைத்தால் போதும், புளிக்கக் காத்திருக்க வேண்டாம். 100 கிராம் பயற்றில் 22 முதல் 24 கிராம் வரை புரதம் இருக்கிறது. தொட்டுக்கொள்ளத் தக்காளிச் சட்னி, கூடவே வெள்ளரிக்காய்.

புதன்: கோதுமை ரவை உப்புமா, பாதிக்குப் பாதி காய்கறியோடு. முந்தின இரவு ஊறவைத்துக் காலையில் குக்கரில் வெந்த கொண்டைக்கடலையில் சுண்டல்.

வெள்ளி: கீரைக் கூட்டு, குதிரைவாலிச் சாதம், ஆளுக்கு ஒரு கரண்டி தயிர்.

தோசைதான் அவரைப் படுத்திற்று. பயற்று மாவு அரிசி மாவுபோல் கல்லில் நழுவாது. முதல் திங்கள் அன்று நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். தோளில் ஈரத்துண்டோடு நின்று, கல்லை அளவுக்கு மீறிச் சூடாக்கிவிட்டு, கரண்டியால் நடுவிலிருந்து வளைத்தார். மாவு கரண்டியோடு சுருண்டு வந்துவிட்டது. இரண்டாவதும் கிழிந்தது. அவருடைய தாயார் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "என் பிள்ளையை அடுப்படியில் நிறுத்திவிட்டாயே, தாயி" என்று மருமகள் வந்ததும் சொல்லத்தான் காத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் மூன்றாவது தோசைக்கு முன்னால் அவரே உள்ளே வந்தார். கல்லில் தண்ணீர் தெளித்து, அது சீறி அடங்கும் வரை காத்திருந்து, அரை வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்தார். "இப்போது ஊற்று. வேகமாக வளைக்காதே, கையை விட்டுப் போகட்டும்" என்றார். அந்தத் தோசை முழுசாக வந்தது, ஓரத்தில் பச்சை பொன்னிறமாக மாறியிருந்தது. மகள் அதைக் கல்லிலிருந்து எடுத்த கையோடு சாப்பிட்டுவிட்டாள்.

தாயார் மனம் மாறிவிட்டார் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். உறவினர் வந்திருக்கும் நாளில் மகன் அடுப்படிக்குப் போவதை அவர் இன்றும் விரும்புவதில்லை. அந்த நாட்களில் மருமகளே சமைக்கிறார். ஆனால் வெள்ளிக்கிழமைக் கீரையை ஆய்ந்து வைப்பது இப்போது தாயாரின் வேலை. யாரும் கேட்டு அவர் செய்யவில்லை.

குதிரைவாலி விஷயத்தில் நான் சறுக்கினேன். சிறுதானியம் என்று சொன்னேனே தவிர அளவு சொல்லவில்லை. அரிசிச் சோறு எவ்வளவு போட்டுக்கொள்வாரோ அவ்வளவு குதிரைவாலியும் போட்டுக்கொண்டார். குழைய வெந்த சாதம், இரண்டு முறை. சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை 168. சிறுதானியமும் மாவுச்சத்துதான். குழைந்துவிட்டால் அதுவும் வேகமாகச் செரித்துச் சர்க்கரையை ஏற்றும். அடுத்த வாரம் தட்டில் முதலில் கூட்டு, அதன் பக்கத்தில் ஒரு கிண்ணச் சாதம் என்று வைத்தோம். உதிரியாக வடித்தார்கள். 139-க்கு வந்தது.

மழை

அக்டோபர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பன்னிரண்டு நாட்களில் இரண்டு முறைதான் ஓட முடிந்தது. ஓடாத நாளிலும் ஏழு பத்துக்குக் கணவர் அடுப்பைப் பற்றவைத்தார். சாப்பிட்ட பிறகு மாடி வராந்தாவில் குடும்பத்தோடு இருபது நிமிட நடை. சாப்பாட்டுக்குப் பின் நடந்தால் ஏறும் சர்க்கரையைத் தசைகள் எடுத்துக்கொள்கின்றன. மழையால் வந்த பழக்கம் மழை விட்ட பிறகும் நிற்கவில்லை.

என்ன ஆயிற்று

டிசம்பரில் மூன்று மாதச் சராசரி 5.9. மார்ச்சில் 5.8. இன்னும் வாசலில்தான் நிற்கிறார், ஆனால் வெளியே போகும் திசையில். இடுப்புச் சுற்றளவு 98-இலிருந்து 94. எடை 81-இலிருந்து 79.4. ஆறு மாத உழைப்புக்கு ஒன்றரைக் கிலோதானா என்று அவர் வருந்தினார். அப்போது அவருக்குச் சென்னையில் நடந்த ஓர் ஆய்வைச் சொன்னேன். டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு 531 பேரை மூன்று ஆண்டு பின்தொடர்ந்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டது. உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்களுடைய எடை குறிப்பிடும்படி குறையவில்லை. நம் ஊர் உடம்புகளை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் எனக்கு அதன்மேல் தனி மதிப்பு. எடை பார்க்கும் கருவியை மட்டும் பார்த்து மனம் உடைந்து நிறுத்திவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவராக இவர் ஆகிவிடக் கூடாது என்று பயந்தேன்.

நிதானமான ஓட்டத்துக்கு முன் 121, பின் 104 என்று அவரே ஒரு நாள் எனக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார். இப்போது 8 நிமிடம் 5 விநாடி வேகத்தில் பேசிக்கொண்டே ஓடுகிறார். வேகத்தைக் கூட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லை. மெதுவாக ஓடி ஓடியே அது வந்தது.

மனைவிக்கு இதில் கிடைத்தது என்ன என்பதை ஆரம்பத்தில் நான் கேட்கவே இல்லை. மூன்று மாதமாகக் கணவருக்காக நடுத்தர வேகத்தில் ஓடி, அவருடைய சொந்த ஓட்டம் மழுங்கியிருந்தது. அந்தக் கூடுதல் கால் மணி நேரம் அவருக்கு மட்டுமே உரியது. பிப்ரவரியில் பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு 10 கிலோமீட்டர் பந்தயம் ஒன்றில் ஓடி, 54 நிமிடத்தில் முடித்தார். "ஓடிவிட்டு வீட்டுக்குள் நுழையும்போது தாளிக்கிற வாசனை வருகிறது அக்கா. கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் நான் சமைக்காமல் என் வீட்டில் தாளிப்பு வாசனை வந்ததில்லை" என்றார். இதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மியது.

ஒரு குறையும் உண்டு. எதிர்த்திசையில் ஓடுவதால் கூட்டத்துக்கு எதிரே வர வேண்டியிருக்கிறது. நவம்பரில் கடைகள் நெருங்கியிருக்கும் பக்கத்தில், ஓடிவந்த குழந்தைக்கு விலகியபோது மனைவிக்குக் கணுக்கால் பிசகி பத்து நாள் ஓடவில்லை. அதன் பிறகு அந்தப் பக்கத்தை மட்டும் நடந்தே கடக்கிறார். சந்திப்பு நான்கு நிமிடத்துக்குப் பதில் ஐந்து நிமிடமாகிவிட்டது.

மறுபடி செய்வதென்றால்

அளவுக்கு மீறி விரல் குத்த விட்டிருக்க மாட்டேன். ஒரு கட்டத்தில் கணவர் நாளுக்கு ஐந்து முறை பார்த்தார். 126-க்கும் 131-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி இரவு பதினோரு மணிக்கு எழுதிக் கேட்டார். வாரத்துக்கு இரண்டு முறை என்று முதலிலேயே வரையறுத்திருக்க வேண்டும்.

முதல் சந்திப்பிலேயே இருவரையும் தனித்தனியாகப் பேச வைத்திருப்பேன். ஓட முடியவில்லை என்று சொல்லக் கணவருக்குத் தயக்கம், சமைக்க முடியவில்லை என்று சொல்ல மனைவிக்குத் தயக்கம். பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டதால் இரண்டுமே வெளிவர ஒரு மாதம் ஆயிற்று.

எனக்கு இன்றும் உறுத்துவது ஒன்று. நவம்பரில் ஒரு நாள் தாயாருடன் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "இப்போதெல்லாம் ராத்திரியில் கை நடுக்கம் வருவதில்லை" என்றார். என்ன நடுக்கம் என்று கேட்டேன். அவருடைய சர்க்கரை மாத்திரை இரவு உணவுக்குச் சற்று முன்பு போட வேண்டியது. வழக்கம் மாறாமல் ஏழரைக்கே போட்டுவிடுவார். ஜூன் முதல் செப்டம்பர் வரை சாப்பாடு வந்தது ஒன்பதரைக்கு. இடையில் இரண்டு மணி நேரம், வியர்த்து, கை நடுங்கி, யாருக்கும் தெரியாமல் பேத்தியின் பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுத்துத் தின்று சமாளித்திருக்கிறார். ஓடிவிட்டு வருகிற பிள்ளைகளை அவசரப்படுத்தக் கூடாது என்று எண்ணி, யாரிடமும் சொல்லவில்லை. சர்க்கரை தாழ்ந்து அந்த வயதில் அவர் எங்காவது விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. கணவரின் மருத்துவரிடம் தாயாரையும் அழைத்துப் போனார்கள். மாத்திரையின் அளவையும் நேரத்தையும் அவர் மாற்றி எழுதினார். இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு மாறித் தாயாரைக் காப்பாற்றியது தற்செயல், நான் திட்டமிட்டதில்லை.

என் படிவத்தில் ஓடுகிறவரின் வயது, எடை, வேகம், பரிசோதனை எண்கள் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. இப்போது அதன் தலைப்பில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள், அவர்கள் எத்தனை மணிக்குச் சாப்பிட வேண்டும்.